நட்சத்திரம் போட்ட தேனீ

செல்போன் விளம்பரத்தில் 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு * இருந்தால் நமக்கு அர்த்தம் தெரியும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது. கீழே பொடி எழுத்தில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது, ஜாக்கிரதை!

மொழி வரலாற்றுப் புத்தகங்களிலும் இதே நட்சத்திரம் உண்டு. அங்கேயும் அது ஒரு எச்சரிக்கைதான். 'இந்தச் சொல்லை யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. பிற்காலச் சொற்களை வைத்துக் கணக்குப் போட்டு நாங்கள் கண்டுபிடித்தது' என்று அதற்குப் பொருள்.

ரஷ்ய மொழியில் தேனீயை 'ப்ச்சிலா' என்கிறார்கள். செக் மொழியில் 'வ்ச்செலா'. போலந்து மொழியில் 'ப்ஷ்சோவா' (சொல்லிப் பாருங்கள், தேனீ கொட்டிய மாதிரி நாக்கு வீங்கும்). இந்த மூன்றும் ஒரே பழைய சொல்லின் பிள்ளைகள் என்றும், அந்தப் பழைய சொல் ஏறக்குறைய *பிச்செலா என்று இருந்திருக்கும் என்றும் ஸ்லாவிய மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். எழுத்து தோன்றுவதற்கு முன் பேசப்பட்ட மொழி அது. அதனால்தான் நட்சத்திரம்.

தேனிக்காரனுக்குத் தேனீ விஷயம் என்றால் சும்மா விட முடியுமா? நம்முடைய மொழிகளில் தேனீக்கு இப்படி ஒரு நட்சத்திரச் சொல் இருக்கிறதா என்று தேடிப் படித்தேன். இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் பி.காம் மாணவன், மொழியியல் மாணவன் அல்ல. ஆனால் இந்த வேலை நம் கணக்குப்பதிவியலுக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம் என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது.

பிளஸ் டூவில் 'முழுமை பெறா பதிவேடுகள்' என்று ஒரு பாடம் படித்திருப்போம். கடைக்காரர் ஒழுங்காகப் பேரேடு எழுதவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் முதல் எவ்வளவு என்பதற்குப் பதிவே இல்லை. ஆனால் வங்கிப் புத்தகம் இருக்கிறது, சில வவுச்சர்கள் இருக்கின்றன, கடன்காரர்களிடம் சில சீட்டுகள் இருக்கின்றன. அதையெல்லாம் வைத்துக்கொண்டு, 'இந்தத் தொகை இருந்திருந்தால்தான் இரண்டு பக்கமும் பொருந்தும்' என்று விடுபட்ட தொகையைக் கண்டுபிடிக்கிறோம். யாரும் எழுதிவைக்காத தொகைதான். அதற்காக அது கற்பனைத் தொகை ஆகிவிடாது.

மொழியியலாளர் செய்வதும் இதே வேலை. அவருக்கு வவுச்சர் என்பது இன்று மக்கள் பேசும் சொற்கள்.

ஒரு சின்ன உதாரணம். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு. பத்து என்றால் ஹத்து. புலி என்றால் ஹுலி. பூ என்றால் ஹூவு. ஒன்றிரண்டு சொல் என்றால் தற்செயல் எனலாம். வரிசையாக வந்தால் அது விதி. சரி, ப-வா ஹ-வா, எது முந்தியது? பழைய கன்னடக் கல்வெட்டுகளில் இந்தச் சொற்கள் ப-வில்தான் தொடங்குகின்றன. பிறகுதான் ஹ வந்தது. விதி போட்டுக் கண்டுபிடித்ததைக் கல்லே உறுதி செய்கிறது. இனி புழு என்ற சொல்லை எடுத்து, இதே விதிப்படி கன்னடத்தில் என்னவாக இருக்கும் என்று ஊகித்துப் பாருங்கள். ஹுளு. சரிதான், கன்னடத்தில் புழுவுக்கு ஹுளுதான்! ழ அங்கே ள ஆகிவிடும், அதுவும் ஒரு விதி.

இதைத் தொடங்கிவைத்ததில் ஒரு பங்கு சென்னைக்கு உண்டு. சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை வரிசையாக வைத்துக் காட்டி, இவை ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று 1816-ல் எழுதினார். 1856-ல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. பரோ, எமனோ என்ற இருவர் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை 1961-ல் கொண்டுவந்தார்கள். 1984-ல் அதன் திருத்திய பதிப்பு வந்தது. நம் மொழிகளின் பொதுப் பேரேடு என்று அதைச் சொல்லலாம்.

அந்தப் பேரேட்டில் தேன் பக்கத்தைப் புரட்டுவோம்.

தமிழ், மலையாளம்: தேன். தெலுங்கு: தேனெ. கன்னடம்: ஜேனு. இது நமக்குப் பக்கத்து வீடு. கம்பத்திலிருந்து குமுளி ஏறினால் மலையாளம் வந்துவிடுகிறது. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் நம் பள்ளத்தாக்கிலேயே பல தலைமுறையாக இருக்கின்றன. ஆகவே பெரிய ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் இனிமேல்தான். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் ஒராவோன் பழங்குடியினர் பேசும் குருக் மொழியில் தேனீக்கு 'தீனீ' என்று பெயர். ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் பேசப்படும் மால்தோ மொழியில் 'தேனி'. ஆமாம், நம் ஊர்ப் பெயர் மாதிரியே! பொருள்: தேன், தேனீ இரண்டும். கம்பத்திலிருந்து ராஜ்மகால் நேர்கோட்டில் பார்த்தாலே இரண்டாயிரம் கிலோமீட்டர். நடுவில் எத்தனையோ மொழிகள். அந்த மலையில் இருக்கிற ஒருவரும் நம் மேகமலையில் தேனெடுக்கிற பளியர் ஒருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் வாயில் இருப்பது ஒரே சொல். இவ்வளவு தூரத்தில் பிரிந்துபோன பங்காளிகளிடம் ஒரே பாத்திரம் இருந்தால், அது பாகம் பிரிப்பதற்கு முன் பெரிய வீட்டில் இருந்த பாத்திரம் என்றுதானே முடிவுக்கு வருவோம். அப்படி வருவதுதான் *தேன்.

இங்கே ஒரு நல்ல கேள்வி. பெரிய வீட்டில் இருந்தது *தேனா, *தேனீயா?

தேனீ என்றால் தேன் + ஈ. மலையாளத்தில் தேனீச்ச, அதாவது தேன் + ஈச்ச. தெலுங்கில் தேனெடீக, அதிலும் கடைசியில் ஈக. மூன்றிலும் ஈ இருக்கிறது. ஆனால் கன்னடத்தில் ஜேனுஹுளு. அதாவது தேன்புழு! சிலர் ஜேனுநொண என்பார்கள், நொண என்றால் ஈ. அது வேறு வேர்ச்சொல். குருக்கிலும் மால்தோவிலும் வாலே இல்லை, தேன் பகுதி மட்டும்தான். கன்னடத்திலும் ஜேனு என்று மட்டும் சொன்னாலே தேனீயையும் குறிக்கும். பழந்தமிழிலும் அப்படித்தான், தேன் என்ற சொல்லுக்கே 'வண்டு' என்ற பொருள் அகராதியில் இருக்கிறது.

இப்போது கணக்கைப் போடுவோம். தலை எல்லோரிடமும் ஒன்று. வால் ஆளுக்கு ஒரு மாதிரி, சிலருக்கு வாலே கிடையாது. அப்படியானால் வால் பெரிய வீட்டுச் சொத்து அல்ல, பிற்பாடு அவரவர் வாங்கிச் சேர்த்தது. மூதாதை மொழியில் ஒரே சொல் தேனையும் குறித்தது, அதைத் தரும் பூச்சியையும் குறித்தது. பிறகு குழப்பம் வராமல் இருக்க, பூச்சிக்கு ஈ என்றோ ஹுளு என்றோ ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள். இன்றும் நாம் மலைத்தேன், பொந்துத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் என்று தேனை வைத்துத்தான் தேனீயையே வகை பிரிக்கிறோம். அந்தப் பழைய பழக்கம் முழுசாகப் போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டதா? இல்லை. ஜேனு இடிக்கிறது.

தமிழில் தலை என்றால் கன்னடத்தில் தலெ. தாய் என்றால் தாயி. த என்பது த-வாகவேதான் இருக்கிறது. தேன் மட்டும் ஏன் ஜேனு? த ஒலி ச, ஜ பக்கம் சாய்வது உலகத்தில் நடக்காத விஷயம் அல்ல. படித்து என்று எழுதிவிட்டு படிச்சு என்கிறோம், ஐந்தை அஞ்சு ஆக்குகிறோம். இ, ஐ, ய மாதிரி ஒலி பக்கத்தில் இருந்தால் இப்படி நடக்கும். ஆனால் கன்னடத்தில் இது எல்லாச் சொல்லுக்கும் பொருந்துகிற விதி அல்ல. ஆகவே ஜேனு ஒரு விதிவிலக்கு. இருப்பாய்வில் இரண்டு பக்கமும் பொருந்தாமல் ஒரு தொகை இடித்தால், அதை அழித்து எழுதாமல் அனாமத்துக் கணக்கில் தனியாக வைப்போம் இல்லையா? அது மாதிரி இதையும் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். இடிக்கிறதே என்று மறைத்தால் அது ஆராய்ச்சி அல்ல, கள்ளக்கணக்கு.

ஸ்லாவியத் தேனீக்கும் ஒரு அனாமத்துக் கணக்கு உண்டு. *பிச்செலாவின் முதல் உயிரொலி இகரமா உகரமா என்று சண்டை. பழைய திருச்சபை ஸ்லாவியச் சுவடிகளிலேயே இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். இகரம் என்றால் ஆங்கில 'பீ', ஜெர்மன் 'பீனெ', லித்துவேனிய 'பிதே' ஆகியவற்றோடு உறவு. உகரம் என்றால் ரீங்காரம் செய்வதைக் குறிக்கும் ஸ்லாவிய வினைச்சொல்லோடு உறவு, அதாவது 'ரீங்காரம் செய்கிறது' என்பதே பெயர். ஒரு உயிரெழுத்து மாறினால் வம்சாவளியே மாறிவிடுகிறது.

நம்மிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. தேனீக்கும் வண்டுக்கும் பழந்தமிழில் ஞிமிறு என்று ஒரு பெயர். மிஞிறு என்றும் வரும். இலக்கணப் போலிக்கு உதாரணமாகப் பள்ளியில் படித்தது. வண்டு ஒலிப்பதற்கு இமிர்தல் என்று ஒரு வினை உண்டு. ஞிமிறு, இமிர் இரண்டும் ஒன்றுதான் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் ஒன்றில் வல்லின ற, மற்றதில் இடையின ர. திராவிட மொழிகளில் இந்த இரண்டும் வேறு வேறு ஒலிகள். அதற்கு விளக்கம் சொல்லாமல் உறவு கொண்டாட முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இணையத்தில் நம் ஆட்கள் செய்கிற சொல்லாராய்ச்சி அப்படி. ஏதோ ஒரு மொழியில் ஒரு சொல் தமிழ் மாதிரி ஒலித்தால் போதும், 'பார்த்தாயா, எல்லாம் தமிழிலிருந்து போனது' என்று ஒரு பதிவு வந்துவிடும். ஒலி ஒற்றுமை ஆதாரமே அல்ல. ஆங்கிலத்தில் 'பேட்' என்றால் கெட்ட. பாரசீகத்திலும் 'பத்' என்றால் கெட்ட. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, சுத்தத் தற்செயல். அதே சமயம் பெயர் என்பதும் கன்னட ஹெசரு என்பதும் காதுக்கு ஒட்டவே இல்லை, ஆனால் கூடப் பிறந்தவை.

ஒற்றுமை கடனாலும் வரலாம். மது என்ற சொல்லையே எடுங்கள். சமஸ்கிருதத்தில் மது என்றால் தேன், தேனில் செய்த பானம். ரஷ்யத்தில் தேனுக்கு 'மியோத்'. ஆங்கிலத்தில் தேன்மதுவுக்கு 'மீட்'. இவை ஒரே குடும்பத்துச் சொத்து. இதே குடும்பத்தைச் சேர்ந்த தொகாரிய மொழி மத்திய ஆசியாவில் இருந்தது. அவர்களிடமிருந்து சீனர்கள் கடன் வாங்கியதுதான் தேனுக்கான 'மி' என்ற சீனச் சொல் என்கிறார்கள். தமிழும் மதுவைக் கடன் வாங்கியது. வாங்கிய பிறகு அதில் தேன் போய் போதை மட்டும் மிஞ்சியது வேறு கதை :-). சீனமும் தமிழும் ஒரே சொல்லை வைத்திருப்பதால் இரண்டும் சொந்தம் ஆகிவிடுமா? ஆகாது. வரவு எல்லாமே பரம்பரைச் சொத்து அல்ல.

அடுத்து, கொஞ்சம் கோபம் வரவழைக்கும் விஷயம். *தேன் என்பது தமிழ்ச் சொல்லா? நட்சத்திரம் எடுத்துவிட்டால் அப்படியே நம் தேன்தானே, ஆகவே தமிழ்தானே தாய் என்று கேட்கலாம். இந்த ஒரு சொல்லில் தமிழும் மலையாளமும் பழைய உருவத்தைக் காப்பாற்றியிருப்பது உண்மைதான். ஆனால் வேறு சொற்களில் நாம்தான் மாறியிருக்கிறோம். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் செம்மை, கன்னடத்தில் கெம்பு. இங்கே க-தான் மூத்தது, தமிழ்தான் அதைச் ச ஆக்கியது. குருக்கிலும் காது என்ற சொல் க சார்ந்த ஒலியில்தான் தொடங்குகிறது. ஆகவே தமிழ் தாய் அல்ல. பழைய நகைகளை நிறையப் பத்திரமாக வைத்திருக்கிற அக்கா என்று வேண்டுமானால் சொல்லலாம். இதில் தமிழுக்கு ஒரு குறைவும் இல்லை. அக்காவிடம் இல்லாத நகை தங்கையிடம் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால்தான் அம்மாவின் பெட்டியில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க முடியும்.

அந்தப் பெட்டிக்கு எவ்வளவு வயது? 2018-ல் 20 திராவிட மொழிகளின் சொற்களைக் கணினியில் ஏற்றி ஒரு ஆய்வு வெளியானது. இந்தக் குடும்பம் பிரியத் தொடங்கிச் சுமார் 4,500 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று அது மதிப்பிட்டது. எழுத்தோ அதைவிட இளையது. நம் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை இருக்கிறது. 2006-ல் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவை. அதில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுக்கு வைத்த கல். ஆ என்ற சொல் கல்லில் ஏறிவிட்டது. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் வைத்தார்கள், தேனுக்காகப் பாறையில் இறங்கி விழுந்தவனுக்கு யார் கல் வைத்திருப்பார்கள்? *தேன் மாதிரிச் சொற்கள் அந்தக் கல்லையும் தாண்டிப் பின்னால் போகின்றன. அவற்றுக்குச் சாட்சி வாய் மட்டும்தான்.

நம் ஊர்ப் பெயரையும் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். தேனீ நிறைய இருந்ததால் தேனி என்று எல்லோரும் சொல்வோம். இருக்கலாம். பேச்சில் கடைசி நெடில் குறுகுவது சகஜம், தேனீயைத் தேனி என்றுதான் பாதிப் பேர் உச்சரிக்கிறோம். ஆனால் ஜார்க்கண்டில் ஒரு தேனி இருப்பதை வைத்து நம் ஊருக்கு 4,500 வயது என்று யாராவது போஸ்டர் அடித்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். ஊர்ப் பெயருக்கு ஆதாரம் என்பது பழைய ஆவணமும் கல்வெட்டும்தான். சொல்லின் வயது வேறு, ஊரின் வயது வேறு.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்? இதுதான் நான் சொல்ல வந்ததே.

முழுமை பெறா பதிவேட்டில் ஒரு வவுச்சர் தொலைந்தால் ஒரு தொகை போய்விடும். *தேன் என்று நாம் துணிந்து எழுத முடிவது தமிழால் மட்டும் அல்ல. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் மட்டும் இருந்திருந்தால், 'பக்கத்துப் பக்கத்து வீடு, ஒருவரிடம் ஒருவர் வாங்கியிருப்பார்கள்' என்று சொல்லித் தள்ளிவிடலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது தீனீயும் மால்தோ தேனியும்தான். குருக் பேசுவோர் 2011 கணக்குப்படி சுமார் 20 லட்சம் பேர், மால்தோ பேசுவோர் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். நீலகிரியில் தோடா மொழி பேசுவோர் இரண்டாயிரம் பேர்கூட இருந்தால் அதிகம். இவர்கள் பிள்ளைகள் பள்ளியில் வேறு மொழி படிக்கிறார்கள், சந்தையில் வேறு மொழி பேசுகிறார்கள். ஒரு பாட்டியோடு ஒரு சொல் போனால், நமக்கு ஒரு வவுச்சர் போகிறது. தமிழின் பழமையை நிரூபிக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய சின்ன மொழிகளைப் பற்றி ஒரு வரி எழுதுகிறோமா?

ஜார்க்கண்ட் வரை போகவேண்டாம். நம் வகுப்பிலேயே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் எத்தனை பேர்! 'அது சரியான தெலுங்கு இல்லைடா, சும்மா வீட்டுல பேசுறது' என்று கூச்சத்தோடு சொல்வார்கள். பல தலைமுறைக்கு முன் பிரிந்து வந்து, பள்ளிக்கூடமும் பத்திரிகையும் திருத்தாமல் வாய்வழியாகவே வந்த பேச்சு அது. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் மறைந்துபோன சொல்கூட அதில் தங்கியிருக்கலாம். கூச்சப்பட அதில் ஒன்றும் இல்லை.

அதனால் ஒரு சின்ன வேலை. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தேன், தேனீ, ஈ, எறும்பு, புழு, கறையான் இந்த ஆறுக்கும் என்ன சொல் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிறபடியே, திருத்தாமல், ஊர்ப் பெயரோடு பின்னூட்டத்தில் எழுதுங்கள். தமிழ் பேசும் வீடுகளும்தான், போடியில் சொல்வதும் சின்னமனூரில் சொல்வதும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வருவதையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டு அடுத்த பதிவில் வெளியிடுகிறேன்.